இன்னும் ஒரு வருஷம் போடுங்க சார்

(நம் குடியிருப்பின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் என்னிடம், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க சார்" என்றார். அதுதான் வம்பாகிவிட்டது. "வருமான வரி பற்றிப் பேசுங்கள்" என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் குறிப்பு எடுத்து முடித்திருப்பேன். எதை வேண்டுமானாலும் என்றதும் நாலு நாள் எதுவும் ஓடவில்லை. கடைசியில் அந்தச் சங்கடத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். தேர்ந்தெடுக்கிற விஷயத்துக்கு எல்லையே இல்லை என்றால், நம் புத்தி எந்த அளவுக்கு உதவும்? பேச்சின் முடிவில் நம் லிஃப்டுக்கும் வருவேன். அதனால் பாதியில் யாரும் எழுந்து போக வேண்டாம்.

நான் 1978-ல் விவேகானந்தா கல்லூரியில் பி.காம். முடித்தவன். எங்களுக்குப் பொருளாதாரப் பாடத்தில் ஒரு மனிதர் வருவார். அவருக்குப் பெயர் கிடையாது. பகுத்தறிவுள்ள நுகர்வோர் என்பார்கள். அவர் கையில் பத்து ரூபாய் இருக்கும். எதிரே ஆப்பிளும் ஆரஞ்சும் இருக்கும். எத்தனை ஆப்பிள், எத்தனை ஆரஞ்சு வாங்கினால் தனக்கு அதிகத் திருப்தி என்று கணக்குப் போட்டு, மிகச் சரியாக வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்த மாதிரி ஒருவரை நான் தண்ணித்துறை மார்க்கெட்டில் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.

இந்தப் பாடத்தில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. அவர் கணக்கு முடிவது அவருடைய சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல. பையில் பத்து ரூபாய்தான் இருக்கிறது என்பதால் முடிகிறது. படத்தில் ஒரு சாய்கோடு போடுவார்களே, வரவுசெலவுக் கோடு, அது ஒரு மதில் மாதிரி. மதில் வரை போய்ப் பார்க்கலாம், அங்கே எது நல்லது என்று தேடி எடுக்கலாம். மதிலை இடித்துவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? பாடப்புத்தகத்தில் பதில் கிடையாது.

என் பேரனோடு ஒரு நாள் விளையாட்டாகச் செய்து பார்த்தேன். ஒரு தாளைக் கொடுத்து, "இதில் நீ எழுதுகிற தொகை உனக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள். எவ்வளவு எழுதுவாய்?" என்று கேட்டேன். முதலில் ஒரு கோடி என்றான். "ஒரு சைபர் சேர்த்திருக்கலாமே" என்றேன். சேர்த்தான். "இன்னொன்று?" பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது ஒன்பதாகத் தாளின் ஓரம் வரை எழுதிக்கொண்டே போனான். ஓரம் வந்ததும் நிறுத்தினான். எந்த எண்ணை எழுதினாலும் அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. ஆகவே "இருப்பதிலேயே நல்லதை எடு" என்ற விதியை இந்த விளையாட்டில் யாராலும் நிறைவேற்ற முடியாது. அப்படி ஒன்று இல்லவே இல்லை. அவனுடைய கணக்கை முடித்தது தாளின் ஓரம்தான்.

இதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று நினைத்தால், கொஞ்சம் எங்கள் வங்கிக் கவுன்டருக்கு வாருங்கள். நான் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த இடம். அதில் பாதிக்கு மேல் டெபாசிட் பிரிவில்.

வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் டெபாசிட் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் காத்திருந்தால் கிடைப்பது 7,000. இருபதாவது வருஷம் அந்த ஒரே ஒரு வருஷத்துக்காகக் கிடைப்பது 25,000 ரூபாய்க்குச் சற்று மேல். முப்பதாவது வருஷம் ஏறக்குறைய 50,000. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். முதல் வருஷம் "வேண்டாம், எடுத்துவிடலாம்" என்று சொல்வது சுலபம், ஏழாயிரம்தானே நஷ்டம். முப்பதாவது வருஷம் அப்படிச் சொல்ல மனம் வராது. எவ்வளவு காலம் பொறுத்தீர்களோ அவ்வளவுக்கு இன்னும் பொறுப்பது லாபமாகத் தெரியும். விலைவாசியும் கூடவே ஏறுகிறது என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறேன், ரசீதைக் கையில் வைத்திருப்பவரும் அநேகமாக அதை மறந்துவிடுகிறார்.

எங்கள் கிளையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கணக்கு வைத்திருந்தார். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் மனைவியோடு போய்வர ஒரு டெபாசிட். ரசீதின் பின்புறம் பென்சிலால் 'காசி' என்று எழுதியே வைத்திருப்பார். ஒவ்வொரு முதிர்வுத் தேதிக்கும் வருவார், தொகையைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். "இன்னும் ஒரு வருஷம் போடுங்க சார், ரவுண்டா ஆகட்டும்." ரவுண்டாக ஆனதும் அடுத்த ரவுண்டு. கடைசியில் ஒரு நாள் அந்த அம்மா மட்டும் இறப்புச் சான்றிதழோடு வந்தார். கூட்டுக் கணக்குதான், சிக்கல் எதுவும் இல்லை, பத்து நிமிஷ வேலை. "பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடட்டுமா அம்மா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்தார். பிறகு, "திருப்பிப் போட்டுடுங்க" என்றார்.

அவர் முட்டாள் என்று நான் நினைக்கவில்லை, அவர் கணவரும்தான். ஒவ்வொரு முறையும் அவர்கள் செய்த கணக்கு சரியான கணக்கு. இன்று எடுப்பதைவிட அடுத்த வருஷம் எடுத்தால் கூடுதல் வரும் என்பதை எந்த ஆடிட்டரும் மறுக்க முடியாது. சரியான கணக்குகளாகவே வரிசையாகப் போட்டு, காசிக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஜான் பொல்லாக் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தார். 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதையே ஒரு புதிராகச் சொல்கிறார். ஒருவரிடம் ஒரு பாட்டில் ஒயின் இருக்கிறது. அது நாளுக்கு நாள் ருசி கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் கெடாது. அவருக்கோ சாவே கிடையாது. எந்த நாள் குடிப்பது? இன்று குடித்தால் நாளை குடித்திருக்கலாமே என்று ஆகும். நாளைக்கும் அதே கதை. எப்போதும் நல்லதையே தேர்ந்தெடுப்பவராக இருந்தால், அவர் அந்தப் பாட்டிலைத் திறக்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு தேதியைச் சொல்லித் திறந்துவிடும் அசடு அவரைவிட நன்றாக இருப்பான். பொல்லாக் ஒயின் என்றார், நம் வீட்டில் ஆவக்காய் ஜாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆவக்காய் கெட்டுப்போகும், அதனால் ஒரு நாள் திறந்துவிடுவோம். டெபாசிட் கெடாது, அங்கேதான் ஆபத்து.

நமக்குச் சாவு உண்டே, அதனால் இந்தப் புதிர் நமக்கு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், நமக்கு மதில் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. தேதி போடாத மதில் இல்லாத மாதிரியேதான். பி.பி.எஃப். கணக்கைப் பாருங்கள். பதினைந்து வருஷம் என்பது ஒரு மதில். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம் என்பது விதி. நல்ல வசதிதான். ஆனால் அந்த 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்பதில்தான் மதில் இடிகிறது. ஆட்டோ ரெனியூவல் என்று ஒன்று வந்த பிறகு, நீங்கள் கவுன்டருக்கு வந்து "இன்னும் ஒரு வருஷம்" என்று சொல்லக்கூட வேண்டாம். அதையும் வங்கியே உங்களுக்காகச் சொல்லிவிடும்.

பத்து வருஷம் யாரும் உரிமை கோராத பணம், 2014 முதல் ரிசர்வ் வங்கியின் தனி நிதி ஒன்றுக்குப் போய்விடுகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி அனுப்பிய தொகை 35,012 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கணக்குகளின் எண்ணிக்கை 10.24 கோடி. பழக்கதோஷம், உடனே வகுத்துப் பார்த்தேன். சராசரியாக ஒரு கணக்குக்கு 3,400 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. ஆகவே இதில் பெரும்பாலானவை மறந்துபோன சின்னச் சேமிப்புக் கணக்குகளாகத்தான் இருக்க வேண்டும். ஊர் மாறிப் போனவர்கள், வாரிசுக்குச் சொல்லாமலே போனவர்கள். எல்லாமே தள்ளிப்போட்டவர்களின் பணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனாலும் அந்தக் குவியலுக்குள் எத்தனை காசி யாத்திரை இருக்கிறதோ!

வந்த இடத்தில் ஒரு வேலையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பெயரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேட, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. நிதிக்குப் போன பணத்தையும் உரியவர் தம் வங்கி மூலம் திரும்ப வாங்கலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். அந்த நாலு பேர் யார் என்று தேர்ந்தெடுக்க நாலு வருஷம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கொஞ்சம் தயக்கத்தோடு ஒரு விஷயம். கல்யாணம். இங்கே வரன் பார்க்கும் பெற்றோர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

எங்கள் காலத்தில் ஒரு பெண்ணுக்கு வருகிற ஜாதகம் பத்தோ பதினைந்தோ. தெரிந்த மனிதர், தரகர், கோயில் வாசலில் பேச்சு, இவ்வளவுதான் வழி. இப்போது கல்யாண இணையதளங்கள். இந்தத் தொழிலில் பெரியதான பாரத் மேட்ரிமோனியே நம் சென்னைக் கம்பெனிதான். கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள முகம் வந்துகொண்டே இருக்கிறது. இதற்குக் கணக்கு வல்லுநர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மார்ட்டின் கார்ட்னர் 1960-ல் ஒரு அறிவியல் பத்திரிகைப் பத்தியில் எழுதிப் பிரபலமானது. வரப்போகும் வரன்கள் நூறு என்றால், முதல் 37 பேரைப் பார்த்துக்கொள்ளுங்கள், யாருக்கும் சரி சொல்லாதீர்கள். அதன் பிறகு, அந்த 37 பேரையும்விட நல்லவராக முதலில் வருபவருக்குச் சரி சொல்லிவிடுங்கள். விட்டவரைத் திரும்ப அழைக்க முடியாது என்ற நிபந்தனையில், மிகச் சிறந்தவரைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நிரூபித்திருக்கிறார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த மிகச் சிறந்த வழியே பலிப்பதும் நூற்றுக்கு 37 முறைதான். அந்தச் சிறந்தவர் முதல் 37 பேரிலேயே வந்து போயிருந்தால், கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், மொத்தம் நூறு பேர் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் மொத்தம் எத்தனை பேர்? நாளைக் காலை இன்னும் சிலர் சேர்ந்திருப்பார்கள். முடிவு தெரியாத வரிசையில் 37 சதவீதத்தை எங்கே கோடு போட்டு நிறுத்துவது? விதியே கையை விரித்துவிடுகிறது.

தி.நகரில் இதை நேரில் பார்க்கலாம். பனகல் பார்க் பக்கம் நல்லியில், அது 1928-லிருந்து இருக்கிற கடை, ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முகூர்த்தத் தேதி குறித்தவர்கள் கூட்டமாக வருவார்கள், சண்டை போடுவார்கள், மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு புடவையோடு போய்விடுவார்கள். "சும்மா நல்லதா ஒண்ணு பார்க்கலாம்னு வந்தோம்" என்பவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள், அங்கிருந்து அடுத்ததற்கு. சாயந்திரம் கையில் ஒரு சோளப்பொரியோடு பஸ் ஏறுவார்கள். முகூர்த்தக்காரர்கள் எடுத்ததுதான் தி.நகரிலேயே சிறந்த புடவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை.

நான் பட்டம் வாங்கிய அதே 1978-ல் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்கருக்குப் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் பார்த்து மிகச் சிறந்ததை எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது என்பது அவர் சொன்னது. இவ்வளவு இருந்தால் போதும் என்று முதலில் ஒரு அளவை மனதில் வைத்துக்கொள்கிறார்கள், அந்த அளவைத் தாண்டி முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்துகிறார்கள். 1956-லேயே இதற்கு ஆங்கிலத்தில் தனி வார்த்தையை வழக்குக்குக் கொண்டுவந்தார். நமக்கு 'போதும்' என்று ஒரு வார்த்தை ஏற்கெனவே இருக்கிறது, பந்தியில் மட்டும் உபயோகிக்கிறோம்.

சைமன் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்தவர். நம் குடியிருப்பிலேயே ஐந்தாறு குழந்தைகள் செஸ் வகுப்புக்குப் போகிறார்கள், அவர்களைக் கேளுங்கள். ஆடக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னால் 120 சைபர் போட்ட அளவுக்கு வரும் என்று கிளாட் ஷானன் 1950-ல் மதிப்பிட்டார். எல்லையற்றது என்று அதைச் சொல்ல முடியாதுதான், ஆனால் மனித மூளைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனந்தும் குகேஷும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டா காயை நகர்த்துகிறார்கள்? பலகைக்குப் பக்கத்தில் கடிகாரம் ஓடுகிறது. கடிகாரம் இல்லாவிட்டால் முதல் ஆட்டமே முடிந்திருக்காது.

இப்போது லிஃப்ட்.

1996-ல் இந்தக் கட்டடத்தை ஒப்படைத்தபோது ஒரு வீட்டுக்கு 15,000 வீதம் 24 வீடுகளிலிருந்து 3,60,000 ரூபாய் சேர்த்து, பராமரிப்பு நிதியாக டெபாசிட் போட்டார்கள். நான் குடிவந்தது 2018-ல். பழைய பொதுக்குழு மினிட்ஸ் புத்தகத்தைப் போன மாதம் வாங்கிப் படித்தேன். 2012-ல் லிஃப்டை மாற்ற ஒரு விலைப்பட்டியல் வந்திருக்கிறது, 7 லட்சம். நிதியில் அப்போது 11 லட்சம் இருந்தது. "மாற்றினால் 4 லட்சம்தான் மிஞ்சும், நிதி இன்னும் வளரட்டும்" என்று தீர்மானம். அதன் பிறகு மூன்று முறை இதே பேச்சு, இதே தீர்மானம். இன்று புது லிஃப்ட் 14 லட்சம். நிதி 26 லட்சம். மாற்றினாலும் 12 லட்சம் மிஞ்சும்.

கவனியுங்கள், ஒத்திப்போட்டவர்கள் கணக்கில் தோற்கவில்லை. 4 லட்சம் மிஞ்சிய இடத்தில் இன்று 12 லட்சம் மிஞ்சுகிறது. அடுத்த வருஷமும் நிறுத்திவைத்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். அதற்கடுத்த வருஷமும். இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்கு ஒயினும் புடவையும் சொன்னேன்.

அந்த 12 லட்சத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அது எந்த மினிட்ஸிலும் இல்லை. மூன்றாம் மாடி மாமியை உங்களுக்கெல்லாம் தெரியும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சக்கர நாற்காலி. அதன் அகலம் 25 அங்குலம். நம் லிஃப்டின் இழுப்புக் கதவு 24 அங்குலம்தான் திறக்கும், வாட்ச்மேனை வைத்து அளந்தேன். இரண்டு வருஷம் அவர் கீழே வரவில்லை. அறுபத்துமூவர் அன்று மேளச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கிறது என்று சொல்வார். இருபது நிமிஷ நடையில் கபாலி கோயில். போன ஐப்பசியில் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு பூட்டியிருக்கிறது. அன்று அவரை நாற்காலியோடு நாலு பேர் படியில் தூக்கி இறக்கினார்கள்.

வருகிற பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். இருப்பதிலேயே சிறந்த லிஃப்ட் எது என்று தேடுவதற்கு அல்ல. அந்தத் தேடலுக்குக் குழு போட்டால் அதுவும் 2012-ல் தொடங்கியது மாதிரியே போகும். என் தீர்மானத்தில் நிபந்தனைகளை முதலில் எழுதிவிடுகிறோம். கதவு குறைந்தது 32 அங்குலம் திறக்க வேண்டும். மின்சாரம் போனால் பக்கத்து மாடியில் நின்று தானாகத் திறக்கும் கருவி இருக்க வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் சென்னையிலேயே இருக்க வேண்டும். விலை 15 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நான்கும் பொருந்தி முதலில் வரும் பட்டியலுக்கே ஆர்டர். மறுநாள் வேறு கம்பெனி ஐம்பதாயிரம் குறைத்துச் சொன்னால் அதைப் பிரித்தே பார்க்க வேண்டாம். பங்குனிப் பெருவிழாவுக்கு முன் ஆர்டர் போயிருக்க வேண்டும்.

இதைக் கேட்டு ஒரு நண்பர் நேற்று, "ஏன் 15 லட்சம், ஏன் 16 இல்லை? ஏன் பங்குனி, ஏன் சித்திரை இல்லை?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. 15-க்கும் பங்குனிக்கும் என்னிடம் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை. 16 என்று நீங்கள் திருத்தம் கொண்டுவந்தால் கை தூக்குவேன், சித்திரை என்றாலும் சரி. ஏதாவது ஒரு எண்ணும் ஏதாவது ஒரு தேதியும் அதில் எழுதியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்' என்ற திருத்தத்தை எதிர்த்துப் பேசுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தீர்மானத்தின் நகல் வாட்ச்மேன் மேசையில் இருக்கிறது. திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் வரும் 15-ஆம் தேதிக்குள் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். பூட்டியிருக்கும் வீடுகளின் உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பியாகிவிட்டது, கோயம்புத்தூர் உட்பட.